கடலில் இருவர், கரையில் ஒரு தேசம்

2025-ஆம் ஆண்டு மே மாதம் 29-ஆம் தேதி கோவா ராஜ்யத்து மர்மகோவா துறைமுகத்தினுள் 'தாரிணி' என்னும் சிறு பாய்ப்படகு ஒன்று வந்து சேர்ந்தது. அதிலிருந்து கரையிறங்கியவர் இருவர், இருவரும் பெண்மணிகள். ஒருவர் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா. மற்றொருவர் நமது புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி. கடற்படையில் லெப்டினன்ட் கமாண்டர் உத்தியோகம் வகித்த இவ்விருவரும், முந்தின ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி, காந்தியடிகளின் ஜயந்தி தினத்தன்று கோவாவிலிருந்து புறப்பட்டவர்கள். ஏறக்குறைய எட்டு மாத காலம், 25,400 கடல் மைல் தூரம், காற்றின் பலத்தையே நம்பிப் பூமியை ஒரு சுற்றுச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பினார்கள். அன்று தேச ரக்ஷணை மந்திரியே நேரில் வந்து வரவேற்றார். பத்திரிகைகள் படங்களை வெளியிட்டன. பாராட்டுரைகளுக்குக் குறைவில்லை. ஆனால் மாலைகள் வாடுவதற்கு முன்பே ஜனங்களின் கவனம் வேறு சமாசாரங்களுக்குத் திரும்பிவிட்டது. ஒரு கிரிக்கெட் பந்தயத்தின் முடிவைப் பற்றி நம்மவர் விவாதிக்கும் நேரத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இவ்விருவரின் யாத்திரைக்குக் கிடைத்ததாகத் தெரியவில்லை.

இவர்கள் செய்தது இன்னதென்று பொது ஜனங்கள் சரியாக அறிந்திருந்தால் இவ்வளவு விரைவில் மறந்திருக்கமாட்டார்கள் என்பது நமது அபிப்பிராயம். ஆகவே அதையே முதலில் சொல்லுவோம்.

பாய்ப்படகில் உலகைச் சுற்றினேன் என்று எவரும் எளிதில் சொல்லிக்கொள்ள முடியாது. புறப்பட்ட துறைக்கே திரும்ப வேண்டும். பூமத்திய ரேகையை இரு முறையேனும் கடக்க வேண்டும். தீர்க்க ரேகைகள் அனைத்தையும் தாண்ட வேண்டும். பூமியின் சுற்றளவாகிய 21,600 கடல் மைலுக்குக் குறையாத தூரம் ஓட வேண்டும். ஸூயஸ், பனாமா போன்ற கால்வாய்களில் புகுந்து குறுக்கு வழி தேடக்கூடாது. இவ்விதிகளுக்கு உட்பட்டு ஓடுகிறவனுக்கு ஒரே வழிதான் உண்டு. தெற்கே, மிகத் தெற்கே இறங்கி, ஆஸ்திரேலியாவின் லூவின் முனை, தென் அமெரிக்காவின் ஹார்ன் முனை, ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனை ஆகிய மூன்றையும் சுற்றி வருவதே அந்த வழி. 'தாரிணி' அவ்வழியே சென்றது. பிரீமாண்டில், லிட்டெல்டன், போர்ட் ஸ்டான்லி, கேப்டவுன் ஆகிய நான்கு துறைகளில் மட்டும் தங்கியது. படகின் நீளம் 56 அடி. நமது ஊர்களில் ஓடும் பஸ் ஒன்றரை நீளம் என்று வைத்துக்கொள்ளலாம். கோவாவிலுள்ள ஒரு படகுத் துறையில், நம்மவர் கைகளால் கட்டப்பட்டு, 2017-ஆம் ஆண்டில் கடற்படையில் சேர்க்கப்பட்டது. ஒரிஸ்ஸாவில் கஞ்சம் ஜில்லாவிலுள்ள தாரா தாரிணி கோயிலின் அம்மன் பெயரே இதன் பெயர்.

யாத்திரையின் நான்கு தங்கல்களுக்கிடையே மிகக் கடுமையானது, நியூஸிலாந்தின் லிட்டெல்டனிலிருந்து பாக்லாந்துத் தீவின் போர்ட் ஸ்டான்லி வரையிலான பகுதி. 2025 ஜனவரி 4-ஆம் தேதி புறப்பட்டவர்கள் பிப்ரவரி 18-ஆம் தேதி கரை கண்டார்கள். இடையில் நாற்பத்தைந்து நாட்கள். நிலத்தின் நிழல்கூடத் தென்படாத நாட்களே அவற்றில் மிகப் பெரும்பாலானவை. பூகோளப் படத்தை எடுத்துப் பாருங்கள். தெற்கே 40-ஆவது அட்ச ரேகைக்கு அப்பால் பூமியைச் சுற்றி நிலம் என்பது மிகச் சொற்பம். தென் அமெரிக்காவின் வால்முனையும் நியூஸிலாந்தின் ஒரு பகுதியும் ஏதோ சில தீவுகளுமே உள்ளன. ஆகையால் மேற்கிலிருந்து வீசும் காற்றுக்கு அங்கே தடை கிடையாது. மலையோ காடோ அதன் வேகத்தை முறிப்பதில்லை. காற்றுத் தள்ளும் அலையும் உடையக் கரையின்றி ஆயிரக் கணக்கான மைல்கள் உருண்டு உருண்டு பெருத்துக்கொண்டே வரும். மேனாட்டு மாலுமிகள் அந்த அட்ச ரேகைகளுக்கு 'உறுமும் நாற்பதுகள்', 'சீறும் ஐம்பதுகள்' என்று பெயரிட்டிருப்பது வேடிக்கைக்காக அன்று. நமது கரையில் புயல் என்று கொடி ஏற்றிப் படகுகளைக் கரைக்கு இழுக்கிறோமே, அதற்கு நிகரான காற்று அங்கே வாரத்துக்கொரு முறை வந்து போகும் சாதாரண விருந்தாளி.

அத்தகைய கடலில் ஒரு சிறு படகில் இருவர் இருக்கிறார்கள் என்றால், உண்மையில் ஒவ்வொருவரும் தனியாகவே இருக்கிறார்கள் என்பதை நாம் உணரவேண்டும். ஒருவர் காவலிருக்கும்போது மற்றவர் உறங்கவேண்டும்; இல்லையேல் இருவரும் சோர்ந்துவிடுவார்கள். நள்ளிரவில் காற்று வலுத்தால், விழித்திருப்பவர் இடுப்பு வாரின் கயிற்றைப் படகின் கம்பியில் மாட்டிக்கொண்டு, கைகள் மரக்கும் குளிரில் மேல்தட்டில் தவழ்ந்து சென்று பாயைச் சுருக்கவேண்டும். சிறிது தாமதித்தாலும் பாய் கிழியும்; அல்லது பாய்மரத்துக்கே ஆபத்து வரும். கயிற்றை மாட்ட ஒரு தடவை மறந்து, ஓர் அலை அடித்துச் சென்றதாக வைத்துக்கொள்ளுங்கள். கீழே உறங்குகிறவர் அதை அறிவதற்குள் படகு வெகு தூரம் ஓடிப்போயிருக்கும். குடிநீர் வேண்டுமானால் கடல் நீரை யந்திரத்தால் சுத்தி செய்து கொள்ளவேண்டும். உணவோ உலர்த்திக் கட்டிய பொட்டலங்கள். யந்திரம் கெட்டால் பழுது பார்ப்பவரும் அவர்களே. நோய் வந்தால் வைத்தியரும் அவர்களே. பாய் கிழிந்தால் தையற்காரரும் அவர்களே.

ஜனவரி 30-ஆம் தேதி 'தாரிணி' பசிபிக் மகாசமுத்திரத்தின் நடுவே 'பாயிண்ட் நீமோ' என்ற இடத்தைக் கடந்தது. உலகத்தில் எந்த நிலத்துக்கும் மிக மிகத் தொலைவிலுள்ள கடற் புள்ளி அதுதான். அருகிலுள்ள தீவுக்கே அங்கிருந்து ஏறக்குறைய 2,688 கிலோமீட்டர். வானத்தில் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுழலும் ஆகாய நிலையத்து மனிதர்கள் தலைக்கு மேலே செல்லும் வேளையில், கரையிலுள்ள எந்த மனிதரையும்விட அவர்களே கிட்டியவர்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆயுள் முடிந்த விண்கலங்களை யாருக்கும் தீங்கின்றி விழச்செய்வதற்கு அந்தப் பிராந்தியத்தையே வல்லரசுகள் தேர்ந்தெடுத்திருக்கின்றன. கோழிக்கோட்டுப் பெண்ணும் புதுச்சேரிப் பெண்ணும் அங்கே கடல் நீரின் மாதிரியை ஆராய்ச்சிக்காக எடுத்துக்கொண்டு மேலே சென்றார்கள். அதற்குப் பதினைந்து நாட்களுக்குப் பின் ஹார்ன் முனையைச் சுற்றினார்கள். 56-ஆவது அட்ச ரேகையில் உள்ள அம்முனைக்கும் அண்டார்ட்டிகாவுக்கும் இடையே கடல் ஒடுங்குகிறது, அடித்தளமும் மேடாகிறது. பரந்து வந்த அலைகளெல்லாம் அந்த இடுக்கில் நெருங்கிச் செங்குத்தாக எழும். 1914-இல் பனாமாக் கால்வாய் திறக்கும் வரையில் எத்தனையோ பெருங் கப்பல்களை விழுங்கிய இடம் அது.

இவ்வளவும் கேட்ட பின்னரும், "இதனால் யாருக்கு என்ன பிரயோஜனம்?" என்று வினவுகிறவர்கள் நம்மிடையே உண்டு. நீராவியும் டீசலும் ஆகாய விமானமும் வந்துவிட்ட காலத்தில் பாயைக் கட்டிக்கொண்டு கடலில் அலைவது பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்பது அவர்கள் வாதம். யாட் என்ற ஆங்கிலச் சொல்லை 'உல்லாசப் படகு' என்று தமிழாக்கிய புண்ணியவான் யாரோ நாம் அறியோம். அந்த மொழிபெயர்ப்பு நமக்குச் செய்த தீங்கு கொஞ்சநஞ்சமல்ல. நாற்பத்தைந்து நாள் ஈரத் துணியுடன் உறங்குவதில் உள்ள உல்லாசம் எத்தகையது என்று அவரே வந்து சொன்னால் நன்றாயிருக்கும். இந்த வாதத்துக்கு விடை சொல்ல, ஒரு பழைய கதையை எடுத்துக்கொள்வோம். இந்தியர்களில் பெரும்பாலோர் அறியாத கதை அது. அறியாமலிருப்பதே ஒரு வெட்கம்.

துணையின்றித் தனியாக, எந்தத் துறையிலும் தங்காமல், பாய்ப்படகில் உலகை முதன்முதலாகச் சுற்றியவர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர். 1968-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் தேதி இங்கிலாந்தில் பால்மத் துறையிலிருந்து புறப்பட்டு, 312 நாட்களுக்குப் பின் 1969 ஏப்ரல் 22-ஆம் தேதி திரும்பினார். அந்தப் போட்டியில் புறப்பட்டவர் ஒன்பதின்மர். முடித்தவர் அவர் ஒருவரே. அவர் ஏறிச்சென்ற 32 அடிப் படகாகிய 'சுஹைலி' எங்கே கட்டப்பட்டது? பம்பாயில்! நம் நாட்டுத் தேக்கு மரத்தில், நம் நாட்டுத் தச்சர்கள், பரம்பரையாகக் கைவந்த வாய்ச்சியையும் உளியையும் வில் கொண்டு சுழற்றும் துறப்பணத்தையும் கொண்டு கட்டிய படகு அது. புது விதமான கட்டுமானத்தோடு, பெரும் பொருட் செலவில் வந்த படகுகள் உடைந்தும் திரும்பியும் போக, பம்பாய்த் தச்சர்களின் கைவேலை பத்து மாதத்துக்கு மேல் உலகக் கடல்களின் அடியைத் தாங்கி நின்றது.

அந்த ஆங்கிலேயர் பம்பாய்க்கு எப்படி வந்தார்? பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் கப்பல் உத்தியோகஸ்தராக வந்தார். அந்தக் கம்பெனியின் பெயர் தமிழர்களுக்குப் புதியதன்று. 1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பற் கம்பெனியை ஸ்தாபித்தபோது, கட்டணத்தைக் குறைத்தும் சர்க்காரின் தயவைத் துணைகொண்டும் அதை நசுக்கப் பார்த்த கம்பெனி அதுவே. 1908-இல் பிள்ளையவர்கள் சிறைப்பட்டார். சுதேசிக் கப்பல்கள் சில ஆண்டுகளில் மறைந்தன. நாக்ஸ்-ஜான்ஸ்டன் மீது நமக்கு யாதொரு குறையுமில்லை, அவர் வீரர். நம் தச்சர்களின் திறமையைப் போற்றியவர். நாம் சுட்ட விரும்புவது வேறு. நம் மரமும் நம் கைத்தொழிலும் உலகில் முதலாவதாக நின்றன; ஆனால் சுக்கானைப் பிடித்த கை நம்முடையதாயில்லை. ஓர் இந்தியர் அதே காரியத்தை, அதாவது தனியே, தங்காமல், உலகைச் சுற்றி முடிப்பதற்கு 2013-ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது. நாற்பத்து நான்கு ஆண்டுகள்!

இந்தத் தாமதத்துக்கு அந்நிய ஆட்சியை மாத்திரம் குறைகூறித் தப்பித்துக்கொள்ள முடியாது. அந்நிய ஆட்சி செய்த கெடுதி பெரிதுதான். பம்பாயின் வாடியா குடும்பத்தார் இங்கிலீஷ் கடற்படைக்கே யுத்தக் கப்பல்கள் கட்டிக் கொடுத்தவர்கள். 1817-இல் அவர்கள் தேக்கில் கட்டிய 'திரிகோணமலை' என்ற கப்பல் இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் துறையில் மிதக்கிறது. அத்தகைய தொழில் வெள்ளையர் வர்த்தகத்துக்கு இடமளித்து ஒடுங்கியது. ஆனால் கடல் கடந்தவன் சாதி கெட்டவன் என்ற சட்டத்தை லண்டன் பார்லிமெண்டா இயற்றியது? 1888-இல் பத்தொன்பது வயது நிரம்பாத மோகன்தாஸ் காந்தி கல்விக்காகக் கப்பலேறப் போனபோது அவரைச் சாதியிலிருந்து விலக்கியவர்கள் பம்பாயிலிருந்த அவருடைய மோத் பனியா சாதியாரே அல்லவா? கிழக்கே கடாரம் வரை படை செலுத்திய ராஜேந்திரனின் பேச்சை ஒருபுறம் மேடைதோறும் முழக்குகிறோம். மறுபுறம், கடலில் தொழில் செய்கிறவனைத் தாழ்ந்தவனாக எண்ணும் வழக்கத்தையும் வீட்டினுள் வைத்துக் காப்பாற்றி வந்தோம். இவ்விரண்டும் ஒரே தேசத்தில், ஒரே மனத்தில் குடியிருந்திருக்கின்றன.

கடலை விடாத தமிழர்களும் இருந்தார்கள். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். வல்வெட்டித்துறைத் தமிழ் மாலுமிகளே அதைச் செலுத்திச் சென்று 1938-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் மாகாணத்துக் குளௌஸ்டர் துறையில் சேர்த்தார்கள். எந்தக் கடற்படைப் பட்டமும் அவர்களிடம் இல்லை. தந்தையிடமும் தண்டையலிடமும் கற்ற வித்தைதான். அதை விலை கொடுத்து வாங்க அமெரிக்கர் வந்தார். போற்றி வளர்க்க நாம் வரவில்லை.

சுதந்திரம் வந்த பின் நடந்தவற்றில் பாராட்டத்தக்கன பல உண்டு. 1985 முதல் 1987 வரை ராணுவத்தின் பொறியியற் படையினர் 'த்ரிஷ்ணா' என்ற படகில் உலகைச் சுற்றினார்கள். ஓய்வு பெற்ற துணை அட்மிரல் மனோஹர் அவாத்தி, இந்தியர் ஒருவர் தனியே உலகைச் சுற்றவேண்டும் என்ற எண்ணத்தைக் கடற்படையில் ஊன்றினார். அதன் பயனாக கோவாவில் கட்டிய 'மாதேயி'யில் திலீப் தோண்டே 2009-இல் புறப்பட்டு, நான்கு துறைகளில் தங்கி, 2010-இல் திரும்பினார். அதே படகில் அபிலாஷ் டோமி 2012 நவம்பர் முதல் 2013 மார்ச் முடிய எங்குமே தங்காமல் சுற்றி முடித்தார். 2017-18-இல் வர்த்திகா ஜோஷி தலைமையில் ஆறு பெண்மணிகள் இதே 'தாரிணி'யில் உலகைச் சுற்றினார்கள்.

அபிலாஷ் டோமியின் பின் வரலாற்றை இங்கே சற்று விரித்துச் சொல்லுவது அவசியம். நாக்ஸ்-ஜான்ஸ்டனின் யாத்திரை நடந்து ஐம்பது ஆண்டு நிறைவதை முன்னிட்டு 2018-இல் பழைய முறைப்படியே ஒரு போட்டி நடந்தது. செயற்கைக் கோளின் உதவியால் வழி காண்பது கூடாது. சூரியனையும் நட்சத்திரங்களையும் அளந்தே வழி காணவேண்டும். டோமி, 'சுஹைலி'யின் மாதிரியில் கோவாவில் கட்டிய 'துரியா'வில் சென்றார். அவ்வாண்டு செப்டம்பர் 21-ஆம் தேதி தெற்கு இந்து மகாசமுத்திரத்தில் பெரும்புயல் ஒன்று படகைப் புரட்டிப் பாய்மரத்தை முறித்தது. அவருடைய முதுகெலும்பு முறிந்து, எழவும் இயலாமல் படுக்கையில் கிடந்தார். அருகிலிருந்த போட்டியாளரான ஐரிஷ்காரர், தம்முடைய பாய்மரமும் முறிந்த நிலையில், இவரைத் தேடி வர முயன்றார். மூன்றாம் நாள் பிரெஞ்சுக் காவற்கப்பலான 'ஒஸிரிஸ்' அவரை மீட்டது. அவர் மீண்டும் நடக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அவரோ நடப்பதோடு நிற்கவில்லை. 2022 செப்டம்பரில் அதே போட்டிக்கு மீண்டும் சென்றார். வழியில் சுக்கான் கருவி பழுதுற்றபோது படகின் கழிப்பறைக் கதவை அறுத்துப் பலகையாக்கிச் செப்பனிட்டார். 236 நாட்களுக்குப் பின் 2023 ஏப்ரல் 29-ஆம் தேதி இரண்டாமவராகக் கரை சேர்ந்தார். முதலில் வந்தவர் தென் ஆப்பிரிக்கப் பெண்மணி கிர்ஸ்டன் நாய்ஷேபர். புறப்பட்ட பதினாறு பேரில் அந்த ஓட்டத்தை விதிப்படி முடித்தவர் மூவர் மட்டுமே.

அவ்வளவு பெரிய சாதனையின்போது டோமி கடற்படையிலிருந்து விலகியிருந்தார், தனி மனிதர். அவர் படகின் பெயர் 'பயானாத்'. அது பொருளுதவி செய்த ஐக்கிய அரபு எமிரேட்ஸ் கம்பெனி ஒன்றின் பெயர். நம் நாட்டுச் செல்வர்களில் எவர் பெயரும் அந்தப் படகின் மீது எழுதப்படவில்லை. ஒரே இரவில் முடியும் கல்யாணத்துக்கு வாண வேடிக்கை விடும் பணம், அந்த எட்டு மாத யாத்திரைக்குக் கிடைக்கவில்லை என்று எண்ணும்போது யாருக்கும் வருத்தம் உண்டாகும்.

இங்கேதான் நமது வாதத்தின் மையம் இருக்கிறது. தோண்டே, டோமி, வர்த்திகா ஜோஷி, தில்னா, ரூபா ஆகிய அனைவரும் சர்க்காரின் சீருடை அணிந்தே பெருங் கடலில் பெயர் பெற்றவர்கள். கடற்படை தன் கடமையை நன்றாகச் செய்திருக்கிறது. ஆனால் கடற்படை ஒன்றே கடலுக்குச் செல்லும் தேசம், கடலை அறிந்த தேசமாகாது.

பிரான்ஸைப் பாருங்கள். புதுச்சேரியை நீண்ட காலம் ஆண்ட அந்த தேசத்தாரிடம் நாம் கற்கவேண்டியது ஒன்று உண்டு. யுத்தத்தில் நொறுங்கிய பிரான்ஸில், 1947-ஆம் ஆண்டு, ஜெர்மானியரை எதிர்த்து ரகசியப் பத்திரிகை நடத்திய பிலிப் வியான்னே என்பவரும் அவர் மனைவி எலேனும் பிரிட்டனி கரைக்கு அப்பாலுள்ள கிளெனான் தீவுகளில் வாலிபர்களுக்காக ஒரு பாய்ப்படகுப் பள்ளியைத் தொடங்கினார்கள். செல்வர்களுக்கான கிளப் அன்று. மாணவர்களே சமைத்து, மாணவர்களே படகைச் செப்பனிட்டு, மூத்தவர் இளையவருக்குக் கற்பிக்கும் பள்ளி. அது பின்னர் ஐரோப்பாவின் மிகப் பெரிய கடற்பள்ளிகளில் ஒன்றாக வளர்ந்தது. 1964-இல் எரிக் தபார்லி என்ற கடற்படை லெப்டினன்ட் அட்லாண்டிக்கைத் தனியே கடக்கும் போட்டியில் ஆங்கிலேயர்களை வென்றபோது, ஜனாதிபதி தெகோல் அவருக்கு லெஜியன் தொனர் விருதளித்தார். அதோடு நின்றிருந்தால் அது ஒரு படமும் ஒரு பதக்கமுமாக முடிந்திருக்கும். கரையிலே பள்ளிகள் இருந்தன. ஆகவே தபார்லியைக் கண்ட சிறுவர்களுக்கு ஏற ஒரு படகு இருந்தது. 1989-இல் தொடங்கி, நான்காண்டுகளுக்கொரு முறையாக நடந்துவரும் 'வாந்தே குளோப்' என்ற தனியோட்டப் போட்டி 2025 வரை பத்து முறை முடிந்திருக்கிறது. பத்து முறையும் வென்றவர் பிரெஞ்சுக்காரரே. அது அவர்கள் ரத்தத்தின் மகிமையன்று. அறுபது, எழுபது ஆண்டுகளாகச் சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகளைக் கடலில் இறக்கிவிட்டதன் பலன்.

தமிழ்நாட்டுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட கடற்கரை உண்டு. சென்னையில் ஆங்கிலேயர்கள் 1911-இல் ஏற்படுத்திய யாட் கிளப்பும் உண்டு. நேத்ரா குமணன் என்ற சென்னைப் பெண் இரு ஒலிம்பிக் பந்தயங்களில் பாய்ப்படகு ஓட்டியிருக்கிறார், அவரைப் போற்றுகிறோம். ஆயினும் பழவேற்காட்டிலிருந்து குமரி வரையிலுள்ள குப்பங்களில், காற்றைக் கன்னத்தில் உணர்ந்தே திசை சொல்லக்கூடிய பிள்ளைகளில் எத்தனை பேர் ஒரு பந்தயப் பாய்ப்படகைத் தொட்டிருப்பார்கள்? கொண்டல், கச்சான், வாடை, சோழகம் என்று ஒவ்வொரு காற்றுக்கும் பெயர் வைத்திருப்பது அவர்கள் குலம். அவர்களுடைய பாட்டன்மார் பாய் கட்டிய கட்டுமரத்தில் கரை மறையும் தூரம் சென்று திரும்பினார்கள். கட்டுமரம் என்னும் தமிழ்ச் சொல் ஐரோப்பிய பாஷைகளில் ஏறிவிட்டது என்று நாம் ஓயாமல் பெருமை பேசுகிறோம். அச்சொல்லால் வழங்கும் படகுகளில் அயலார் உலகைச் சுற்றுகிறார்கள். நம் கரையிலோ, முக்கியமாக 2004-ஆம் ஆண்டின் சுனாமிக்குப் பின், கட்டுமரத்தின் இடத்தைப் பைபர் படகும் யந்திரமும் பிடித்துக்கொண்டன. அதை நாம் தவறென்று கூறவில்லை. வயிற்றுப் பாட்டுக்கு எது உகந்ததோ அதை மீனவர் கைக்கொள்ளட்டும். ஆனால் பாயோடு சேர்ந்த அறிவு, அதாவது காற்றைப் படிக்கும் வித்தையும் எரிபொருளின்றித் திரும்பி வரும் துணிவும், ஒரு தலைமுறைக்குள் கரைந்துபோக நாம் பார்த்திருப்பது நியாயமா?

இதற்குப் பெரும் பணம் வேண்டும் என்பார்கள். சிறுவர்களுக்கான 'ஆப்டிமிஸ்ட்' என்னும் படகை 1947-இல் அமெரிக்காவில் கிளார்க் மில்ஸ் என்பவர் வகுத்தபோது, ஒட்டுப் பலகைகளை அறுத்துத் தந்தைமார்கள் வீட்டிலேயே செய்துகொள்ளும்படியாகத்தான் வகுத்தார். அதன் நீளம் எட்டடிகூட இல்லை. உலகமெங்கும் பெரும் மாலுமிகள் பலர் அதில்தான் அரிச்சுவடி கற்றார்கள். நம் நாகப்பட்டினத்துத் தச்சருக்கும் கடலூர்த் தச்சருக்கும் அது ஒரு வார வேலை. கடலே இல்லாத ஹைதராபாத்தில், ஹுசேன் சாகர் ஏரியில், ஏழை வீட்டுக் குழந்தைகளைத் தேடிப் பிடித்துப் பாய்ப்படகு பயிற்றுவித்து, அவர்களைத் தேசியப் போட்டிகளில் வெல்லச் செய்திருக்கிறார்கள். ஏரியில் முடிந்தது கடற்கரையில் முடியாதென்றால் அது பணக் குறைவன்று.

ஆபத்தான காரியமாயிற்றே என்பார்கள் வேறு சிலர். ஆபத்து உண்டு, டோமியின் முதுகெலும்பே சாட்சி. ஆனால் மீனவர் பிள்ளை பயிற்சியின்றி, மிதவைச் சட்டையின்றி நாள்தோறும் கடலுக்குச் செல்லும் ஆபத்தைக் கண்டு எவரும் இதுவரை தூக்கமிழந்ததாகக் காணோம். பாய்ப்படகுப் பள்ளியில் முதலில் கற்பிப்பது, கவிழ்ந்த படகை நிமிர்த்துவதும் நீரில் விழுந்தவரை மீட்பதுமே. அந்தப் பாடம் பந்தயத்துக்கு மட்டுமா உதவும்?

ஆகவே சென்னை சர்க்காரையும் புதுச்சேரி சர்க்காரையும் நாம் கேட்பது இது. ரூபா அழகிரிசாமிக்கு இன்னும் ஒரு வரவேற்பு விழா எடுப்பதற்குப் பதிலாக, அவர் ஊரின் கடற்கரையில் ஒரு பாய்ப்படகுப் பள்ளியைத் தொடங்குங்கள். அடுத்து கடலூர், நாகப்பட்டினம், ராமேசுவரம், தூத்துக்குடி, குளச்சல் ஆகிய இடங்களில் ஒவ்வொன்று அமையட்டும். பாதி இடங்களை மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு, சம்பளமின்றி, ஆண் பெண் இருபாலாருக்கும் ஒதுக்குங்கள். ஓய்வு பெற்ற கடற்படையினரோடு, பாய் கட்டி ஓடிய முதிய மீனவர்களையும் ஆசிரியர்களாக நியமித்து, அவர்களுக்கு அதற்குரிய சம்பளம் கொடுங்கள். படகுகளை நம் தச்சர்களிடமே செய்வியுங்கள். வடகிழக்குப் பருவம் ஓய்ந்து தை பிறந்ததும் நமது கீழைக் கடல் அடங்கிவிடும். அப்பொழுது முதல் வகுப்பைத் தொடங்குவதற்கு ஒரு டஜன் சிறு படகுகளும் ஒரு கொட்டகையும் போதும்.